மூன்றாவது கேள்வி

எங்கள் யார்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் "மிஸ்". முதுகுக்குப் பின்னால் "இல்லை மிஸ்". அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இருப்பவை இதைவிட மோசமானவை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீன்பிடிப் படகுகளையும் சிறிய கப்பல்களையும் மேடையில் ஏற்றிப் பழுதுபார்க்கிற யார்ட் அது. நான் பெயின்ட் பாஸ், அதாவது பெயின்ட் அடிக்கிற ஆறு பேருக்கு மேலே நிற்கிறவன். அவர் பாதுகாப்புச் சாமான் ஸ்டோருக்குப் பொறுப்பானவர். கையுறை, தலைக்கவசம், கயிறு எல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றைக் கேட்டால் எடுத்துத் தந்துவிடுவார். மாஸ்க் கேட்டால்தான் வில்லங்கம். மாஸ்க்குகளுக்கென்று தனியாக ஒரு பச்சை இரும்பு அலுமாரி வைத்திருந்தார். அதன் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, சப்பாத்து லேஸில் கோர்த்து அவருடைய கழுத்தில் தொங்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு. ஆண்களின் சேட்டு ஒன்றைப் போட்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். காலையில் ஏழரைக்கு ஸ்டோர் வாசலில் வரிசை நிற்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று நாங்கள் அவதிப்படுவோம். அவருக்கு அவசரம் என்ற ஒன்று இருந்ததே இல்லை.

"மிஸ், ஒரு மாஸ்க் தாங்கோ."

"என்ன வேலை?"

"உரசுற வேலை."

"எங்க?"

"மூண்டாம் மேடையில. படகின்ர அடிப்பக்கம்."

"அங்க காத்து இருக்கா?"

இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் வரிசையே சிரிக்கும். சுற்றிவரக் கடல், தலைமயிரைப் பிய்க்கிற கச்சான் காற்று, இவர் காற்று இருக்கிறதா என்று கேட்கிறார். "கோணமலையில காத்து இல்லாத இடம் எங்க மிஸ் இருக்கு?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்ப இருக்கெண்டு வாயால சொல்லுங்கோ" என்றார். சொன்ன பிறகுதான் அலுமாரி திறந்தது. அன்றிலிருந்து அவருடைய குரலில் "அங்க காத்து இருக்கா?" என்று கேட்டுக் காட்டுவது என்னுடைய வேலையாகப் போயிற்று. பால் விடாத பிளேன்டி குடிக்கிற நேரத்தில் கேட்டால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கேட்டதைக் கொடுக்க மாட்டார் என்பதுதான் அவர்மேல் எங்களுக்கிருந்த ஆத்திரம். கடையில் போய்ச் சீனி கேட்டால் சீனி தருவார்கள். இங்கே மாஸ்க் கேட்டால் வழக்கு விசாரணை. தூசுக்கு ஒன்று, வெல்டிங் புகைக்கு ஒன்று, பெயின்ட் ஆவிக்கு ஒன்று. ஆவிக்கு உரியதைத் தூசு வேலைக்குக் கேட்டால் இல்லை. தூசுக்கு உரியதைப் போட்டுக்கொண்டு பெயின்ட் அடிக்கப் போனால், மேடை வரைக்கும் நடந்து வந்து கழற்றி வாங்கிக்கொண்டு போவார். "தூசு மாஸ்க்குக்குள்ளால ஆவி வரும் பாஸ். கதவைப் பூட்டிப்போட்டு யன்னலைத் திறந்துவிட்ட மாதிரி." இதைக் குறைந்தது நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் ஒரே குரல்தான், ஒரு சொல் கூடாது, குறையாது.

ரப்பர் முகத்தில் அரிக்கிறது என்று எங்கள் ஆட்கள் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, நனைத்துக் கன்னத்தில் வைத்து, அதற்கு மேலே மாஸ்க்கைக் கட்டுவார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் துப்புவதற்காக ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாஸ்க்கைக் கீழே இழுப்பார்கள். அவர் மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கன்னத்தில் லேஞ்சியின் நுனி தெரிந்தால் போதும்.

"இறங்குங்கோ."

"லேஞ்சிதானே மிஸ்."

"இல்லை. இறங்குங்கோ."

அப்படி இறக்கிவிட்ட ஒரு நாளில்தான் அவரைப் பற்றி ஒரேயொரு விஷயம் எங்களுக்குத் தெரிய வந்தது. இறங்கிய ஆள் கோபத்தில், "எங்கட அப்பன் பாட்டன் எல்லாம் லேஞ்சியைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தவை, செத்தா போச்சினம்?" என்று கேட்டுவிட்டான். அவர் அவனிடமிருந்து மாஸ்க்கை வாங்கி, உள்பக்கத்தைத் துடைத்தார். "எங்கட வீட்டுக்காரரும் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு பதினொரு வருஷம் கல்லுடைச்சவர்" என்றார். பிறகு ஸ்டோருக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகும் லேஞ்சி வைப்பது நிற்கவில்லை, அவர் பார்க்காத பக்கத்துக் கன்னத்தில் வைத்தோம்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் பரீட்சை நடக்கும். தலையில் ஒரு பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைப் புகையாக அடிப்பார். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருந்தால் கசப்புத் தெரியாது. இடுக்கு இருந்தால் நாக்கில் வேப்பெண்ணெய் தடவியதுபோல் இருக்கும். தலையை இடம் வலம் திருப்ப வேண்டும், குனிய வேண்டும், சத்தமாக வாசிக்கவும் வேண்டும். வாசிப்பதற்கு அவர் தருவது அன்றைய பேப்பரின் மரண அறிவித்தல் பக்கம். ஏன் அதைத் தருகிறார் என்று கேட்டேன். "அதிலதான் எழுத்துப் பெரிசு" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்துகொண்டு, "அன்னார் காலஞ்சென்றவர்களின் பாசமிகு மகனும்" என்று வாசிக்கிறவனைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

"கசக்குதா?"

"ஓம், கொஞ்சம்."

"அப்ப இது உங்களுக்கு இல்லை. மற்ற அளவைப் போடுங்கோ."

எனக்கும் அவருக்கும் நேருக்கு நேர் முட்டியது என்னுடைய தாடியால்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்து போயின. மூன்றாவது தடவை மனுசிக்கு நாள் தள்ளிப்போனதும் நான் வெருகல் முருகனுக்கு நேர்ந்தேன். பிள்ளை நல்லபடி பிறக்கும் வரைக்கும் முகத்தில் கத்தி வைப்பதில்லை, பிறந்ததும் அங்கே போய் இறக்குவது. மூன்றாம் கிழமை ஸ்டோர் வரிசையில் என்னைக் கண்டதும் அவர் அலுமாரியைத் திறக்காமல் நின்றார்.

"தாடி என்ன பாஸ்?"

"நேத்திக்கடன்."

"இல்லை. இந்த முகத்துக்கு என்னட்ட மாஸ்க் இல்லை. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில மயிர் நிண்டா ஆவி உள்ளுக்கு வரும்."

"இது சாமிக்கு வளர்க்கிறது மிஸ்."

"சாமிக்கு வளர்த்தது எண்டு காத்துக்குத் தெரியாது பாஸ்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரே மனேஜரிடம் போனேன். என்னுடைய சமயத்தை அவமதிக்கிறார் என்றுகூடச் சொன்னேன். மனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் என்னைப் பார்க்காமல், கிண்ணியாவிலிருந்து வருகிற, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் ஒருவரைக் காட்டினார். நானா மணல் அடித்துத் துருக் கழற்றுகிறவர். நெஞ்சு வரைக்கும் தாடி. அவருக்கு முகத்தில் ஒட்டுகிற மாஸ்க்கை மிஸ் ஒருநாளும் கொடுத்ததில்லை. தலையையும் தோளையும் மூடுகிற ஹூட் ஒன்று யார்டில் இருந்தது. வெளியே நிற்கிற இயந்திரத்திலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று அதற்குள் வரும், தாடி இருந்தாலும் பிரச்சினை இல்லை. முழு யார்டுக்கும் அது ஒன்றுதான். இன்னொன்று வேண்டும் என்று மிஸ் எழுதிக் கேட்டு அலுத்துப்போயிருந்தார்.

"நானா காலமை போடட்டும். பாஸ் பின்னேரம் போடட்டும்" என்று முடித்துவிட்டார்.

அப்படித்தான் ஐந்து மாதம் ஓடியது. காலையில் என்னுடைய ஆட்கள் பெயின்ட் அடிக்க, நான் தூரத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருப்பேன். மத்தியானம் நானா ஹூட்டைக் கழற்றி, உள்பக்கத்தைச் சுத்தமான துணியால் துடைத்து என்னிடம் நீட்டுவார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு தொப்பி பாஸ்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மிஸ்ஸைப் பற்றி அந்த ஐந்து மாதமும் நான் பேசாத பேச்சு இல்லை. புருஷன் இல்லாத மனுசி, அதுதான் ஆம்பிளைகளோடு வரிந்து கட்டுகிறாள் என்றும் சொல்லியிருக்கிறேன். அதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அவர் லீவு எடுப்பது அபூர்வம். எடுத்தால் ஸ்டோரைப் பூட்டித் திறப்போடு போய்விடுவார், அன்றைக்கு மாஸ்க் வேண்டிய வேலை எதுவும் நடக்காது. அந்த முறை தாயைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அரை நாள்தான். வேலையை நிறுத்த ஏலாது, யாரிடமாவது திறப்பைக் கொடுத்துவிட்டுப் போ என்று மனேஜர் கட்டாயப்படுத்திவிட்டார். முதல்நாள் பின்னேரம் அவர் என்னைக் கூப்பிட்டார். கழுத்திலிருந்து லேஸைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் மிஸ் எனக்கு? உங்களுக்கும் எனக்கும் ஒத்துவராதே."

"மற்ற ஆக்கள் தலையாட்டிப்போட்டு லேஞ்சி வைப்பினம். நீங்கள்தான் மூஞ்சிக்கு முன்னால ஏன் எண்டு கேட்டுச் சண்டை பிடிக்கிறனீங்கள். கேள்வி கேட்கிற ஆளுக்குத்தான் திறப்பைக் குடுக்கலாம்."

அலுமாரியைத் திறந்து, கதவின் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு தாள் நான்கு மூலைகளிலும் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய உருண்டையான எழுத்து. என்ன வேலை, எங்கே, அங்கே காற்று இருக்கிறதா. அதற்குக் கீழே: "மூன்றாவதுக்குப் பதில் தெரியாவிட்டால் எதையும் கொடுக்க வேண்டாம். நான் வரும்வரை நிற்கச் சொல்லவும்."

"மாஸ்க்கில பூட்டியிருக்கிற இந்தப் பில்டர் எல்லாம் காத்தைக் கழுவும். காத்தை உண்டாக்காது. அதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ" என்றார். நான் ஓம் ஓம் என்று சொல்லித் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் பத்து மணி இருக்கும். எங்கள் வெல்டர்களில் ஒருவர் வந்தார். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், வாயைத் திறந்தால் பகிடி, சிரிக்காமல் இருக்க ஏலாது. கடலில் தங்கி மீன் பிடிக்கிற பலநாள் படகு ஒன்று இயந்திரம் பழுதாகிக் கடலில் மிதந்து, கட்டியிழுத்து வரப்பட்டிருந்தது. அதன் மீன் அறைக்குள் ஒரு குழாய் வெடித்திருந்தது.

"பாஸ், ஒரு மாஸ்க் தாங்கோ."

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, மிஸ்ஸின் குரலில் கேட்டேன். "என்ன வேலை?"

அவர் சிரித்துவிட்டார். "குழாய் ஒண்டு ஒட்டிற வேலை மிஸ்."

"எங்க?"

"மீன் அறைக்குள்ள. மூண்டு கிழமையா மூடிக் கிடந்திருக்கு. ஐஸ் எல்லாம் கரைஞ்சு, மீன் அழுகி, கிட்டப் போக ஏலாது. சொல்லி வேலையில்லை, அப்பிடி நாறுது."

மூன்றாவது கேள்வி வாய் வரைக்கும் வந்தது. அது பகிடி என்பதால் விட்டுவிட்டேன். பகிடியையும் மூன்று முறை சொன்னால் அலுத்துப்போகுமே என்று நினைத்தது எனக்கு நல்ல ஞாபகம். கதவில் ஒட்டியிருந்த தாள் என் மூக்குக்கு முன்னால்தான் இருந்தது.

அலுமாரியில் இருந்ததிலேயே பெரிய மாஸ்க்கை எடுத்தேன். முகம் முழுவதையும் மூடுவது, கண்ணாடி வைத்தது, இரண்டு பக்கமும் தடித்த பில்டர். பெரியதாக இருந்தால் எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்பினேன். மிஸ் செய்கிற மாதிரியே பட்டிகளை இழுத்துக் கட்டினேன். பில்டர்களில் உள்ளங்கையை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னேன். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நின்றது. ஒரு குறையும் இல்லை.

படகு என்னுடைய மேடைக்குப் பக்கத்தில் நின்றதால் நானும் கூடவே போனேன். மீன் அறையின் மூடியைத் திறந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினேன். அவர் ஏணியில் இரண்டு படி இறங்கி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்ல மாஸ்க் பாஸ். ஒரு மணமும் இல்லை."

அவர் சொன்ன கடைசிப் பேச்சு அது. அழுகிய மீனிலிருந்து கிளம்புகிற நஞ்சு அந்த அறையில் நிறைந்திருந்தது. மனிதனுக்கு வேண்டிய நல்ல காற்று அதற்குள் இருக்கவில்லை. பில்டர் நாற்றத்தை மட்டும் நன்றாக மறைத்துக் கொடுத்தது. இவையெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கின. அப்போது கேட்டது ஒரு ஸ்பனர் இரும்பில் விழுந்த சத்தம் மட்டும். கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தேன். கரைந்த ஐஸ் தண்ணீருக்குள் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். இடுப்பில் கயிறும் கட்டியிருக்கவில்லை. கயிறு கட்டாமல் மிஸ் யாரையும் உள்ளே விட்டதில்லை.

நான் ஏணியில் காலை வைத்தேன். பின்னாலிருந்து என்னுடைய சேட்டுக் கொலரை ஒரு கை பிடித்து இழுத்தது. மல்லாந்து விழுந்தேன். மிஸ் நின்றார். தோளில் கைப்பை, ஒரு கையில் மடித்த குடை, கிளினிக்கிலிருந்து நேரே வந்திருந்தார்.

"இல்லை."

"விடுங்கோ மிஸ், ஆள் உள்ளுக்கு."

"இறங்கினா ரெண்டு பேர்."

நான் அவரைத் தள்ளினேன். எழுத ஏலாத ஒரு சொல்லால் ஏசினேன். அவர் நகரவில்லை. நானாவைக் கூப்பிட்டார். நானா ஓடி வந்து, மூடியைச் சுற்றி யாரும் வராதபடி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். என்னுடைய கழுத்திலிருந்த திறப்பை மிஸ்ஸே கழற்றி ஓர் ஆளிடம் கொடுத்து, காற்றை அளக்கிற மீற்றரை எடுப்பித்தார். அதைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். அது கத்தத் தொடங்கியது. காற்று ஊதுகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து குழாயை உள்ளே விட்டார்கள். தீயணைப்புப் படைக்குப் போன் போனது. ஹூட்டின் குழாய் அந்த ஆழத்துக்கு எட்டாது, அவர்களிடம்தான் முதுகில் சிலிண்டர் கட்டி இறங்குகிற சாமான் இருந்தது.

அவர்கள் வருவதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரைக்கும் அவர் தளத்தில் முழங்காலில் இருந்துகொண்டு, உள்ளே கிடந்தவரோடு கதைத்துக்கொண்டே இருந்தார். "காத்து வருது, கேக்குதா? கொஞ்சம் பொறுங்கோ. ஆக்கள் வருகினம். பிள்ளையளை நினைச்சுக்கொண்டு கிடவுங்கோ." பின்னால் நின்றவர்கள் அவரை ஏசினார்கள். கல்நெஞ்சுக்காரி, கண்ணுக்கு முன்னால் ஒரு மனுசனைச் சாகவிடுகிறாள் என்றார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போவதற்கு அடம்பிடித்தவர்கள் நான்கு பேர், என்னோடு ஐந்து. ஐந்து பேரும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம்.

வெல்டரை வெளியே எடுத்தபோதும் மாஸ்க் முகத்தில் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் செய்தி வந்தது.

அன்று பின்னேரம் மீற்றரை எடுத்துவந்த ஆளிடம் திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு தனியாக ஸ்டோருக்குள் போனேன். அலுமாரியைத் திறந்தேன். தாள் இருந்தது. "எதையும் கொடுக்க வேண்டாம்" என்ற வரியை வாசித்தேன். வீட்டில் மனுசிக்கு எட்டு மாதம். பொலிஸ், வழக்கு, வேலை போய்விடும், இந்தப் பிள்ளையும் போய்விடும் என்று தலைக்குள் ஒரே இரைச்சல். தாளை உரித்தெடுத்து மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தேன். ஒரு நிமிஷ வேலைதான். பயத்தில் செய்தேன் என்று சொன்னால் அது உண்மை, ஆனால் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான்காம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து, ஸ்டோரிலேயே மேசையைப் போட்டு உட்கார்ந்தார்கள். என்னிடம்தான் முதலில் கேட்டார்கள். திறப்பைத் தந்தபோது ஏதாவது சொல்லித் தந்தாரா?

"இல்லை. பெரிசா ஒண்டும் சொல்லேல்லை. திறப்பை மட்டும் தந்தவ."

எழுத்தில் ஏதாவது?

"இல்லை."

என் வாயால் நான் சொன்ன அந்த இரண்டு "இல்லை"யும் இப்போதும் என் காதுக்குள் இருக்கின்றன. மிஸ் சுவரோரமாக நின்றார். அவரிடம் கேட்டார்கள். அவர் நேரே பச்சை அலுமாரிக்குப் போய்க் கதவைத் திறந்தார். உள்பக்கத்தில் தாள் இருக்கவில்லை. நான்கு மூலைகளிலும் டேப் உரிந்த அடையாளம் மட்டும் பெயின்டில் தெரிந்தது. அதை விரலால் தடவினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். வருஷக்கணக்காக எங்கள் முகத்தில் இடுக்குத் தேடிய அதே பார்வைதான்.

இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஊர் முழுக்க "இல்லை" சொல்கிறவருக்கு என்னைப் பார்த்து ஒரு "இல்லை" சொல்வது பெரிய காரியமா? சொன்னால் ஒத்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அவர் அலுமாரிக் கதவைச் சாத்தினார்.

"பிழை என்ர. எல்லாருக்கும் மாஸ்க் பொருந்துதா எண்டு பாத்துப் பாத்துக் குடுத்தனான். திறப்பை மட்டும் ஆளைப் பாக்காமல் குடுத்திட்டன்" என்றார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அதில் முதல் இரண்டு சொற்கள் மட்டும் போதுமாக இருந்தன. எழுதிக்கொண்டார்கள். மிச்சம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும். நானாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பல தடவை அந்த அலுமாரிக்கு முன்னால் நின்றவர், கதவில் தாள் இருந்ததைக் கண்டிருப்பார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பிளேன்டி குடிப்பதில்லை.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, அடுத்த கிழமை மிஸ் தன்னுடைய சாமான்களை எடுக்க வந்தபோது, வெல்டருடைய மனைவியும் அவருடைய உடுப்பையும் சாப்பாட்டுப் பெட்டியையும் வாங்க வந்திருந்தாள். சல்லிக்குப் போய்ச் சேர்ந்திருந்த கதை இதுதான்: ஸ்டோர் மிஸ் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் திறப்பை எறிந்துவிட்டுப் போனாள், ஆள் விழுந்த பிறகு காப்பாற்ற இறங்கியவர்களையும் விடவில்லை. அந்தப் பெண் ஸ்டோர் வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மிஸ்ஸின் மேல் தூற்றினாள். மூன்று தரம் தூற்றினாள். "என்ர பிள்ளையள் தகப்பன் இல்லாமல் நிக்கிற மாதிரி நீயும் நாதியில்லாமல் நிப்பாய்" என்று அழுதாள். மிஸ் விலகவில்லை. தலையிலும் சேட்டிலும் விழுந்த மண்ணைத் தட்டவும் இல்லை. நான் பத்தடி தள்ளி, பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, சுகமாகத்தான் பிறந்தான். வெருகலுக்குப் போய்த் தாடியை இறக்கினேன். திங்கட்கிழமை வழுவழுப்பான முகத்தோடு வேலைக்குப் போனேன். இந்த முகத்துக்கு எந்த மாஸ்க்கும் ஒட்டும். பிளாஸ்டிக் கூட்டைக் கவிழ்த்து, கசக்குதா என்று கேட்பதற்குத்தான் ஆள் இருக்கவில்லை. அந்தக் கிழமையே மனேஜர் என்னைக் கூப்பிட்டு ஸ்டோரின் பொறுப்பைப் பாரமெடுக்கச் சொன்னார்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் உப்புவெளியில் அவருடைய வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். கெஸ்ட் ஹவுஸ்களின் துணிகளைத் தோய்த்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முற்றம் முழுவதும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. படலையில் வந்து நின்றார். திறக்கவில்லை.

"என்ன விஷயம் பாஸ்?"

"மன்னிப்புக் கேட்க வந்தனான் மிஸ்."

தாளை எடுத்து நீட்டினேன். மடித்த இடங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. அவர் அதை வாங்காமல், தன்னுடைய எழுத்தைப் படலைக்கு மேலால் பார்த்தார்.

"இல்லை. இது எனக்கு இல்லை."

"வேற ஆருக்கு மிஸ்?"

"அவற்ற மனுசி சல்லியில இருக்கிறா. கோயிலுக்குப் பின்பக்கம், கருவாடு காயவிடுற வாடி. அவவிட்டக் குடுங்கோ. ஆர் எழுதினது, ஆர் உரிச்சது, ரெண்டையும் சொல்லுங்கோ. மண்ணைத் தூத்தினது ஆருக்கு எண்டு அவவுக்குத் தெரிய வேணும்."

நான் தாளைத் திரும்ப மடித்தேன். அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"பிள்ளை சுகமா?"

"ஓம் மிஸ்."

"பெயின்ட் உடுப்போட தூக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு விரிப்புகளுக்குள் போய்விட்டார்.

பிரதான வீதிக்கு வந்தேன். வலப்பக்கம் திரும்பினால் சல்லி, சைக்கிளில் அரை மணித்தியாலம்கூட இல்லை. இடப்பக்கம் திரும்பினால் வீடு. பஸ் ஒன்று போகட்டும் என்று காலை ஊன்றி நின்றேன். போனது. இன்னொன்றும் போனது. நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு மாரி மழை பெய்து ஓய்ந்துவிட்டது.

இப்போது நான்தான் கேள்வி கேட்கிறேன். மூன்றையும் கேட்கிறேன், ஒருநாளும் விடுவதில்லை. மூன்றாவதுக்கு வரிசை சிரிக்கிறது. நானா மட்டும் சிரிக்காமல், என் கண்ணைப் பார்த்து "இருக்கு" என்று சொல்லி ஹூட்டை வாங்கிப் போகிறார். மனேஜர் எனக்குப் புதுத் தாளில் கேள்விகளை அச்சடித்துத் தந்தார். அதைச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறேன். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் அந்த நான்கு டேப் அடையாளங்களும் அப்படியே இருக்கின்றன. பெயின்ட் பாஸாக இருந்தவன், ஒரு சின்னத் தூரிகை போதும் அதை மறைக்க. செய்யவில்லை. அவருடைய தாள் என்னுடைய சேட்டுப் பையில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலை ஏழரைக்கு அந்தக் கதவைத் திறந்துதான் வேலையைத் தொடங்குகிறேன்.